‘கிங் ஆஃப் தார்ன்ஸ்’ படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தாளை மூன்றாக மடியுங்கள்

மார்க் லாரன்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய ‘புரோக்கன் எம்பயர்’ மிகுபுனைவு நாவல் வரிசையில் மூன்று புத்தகங்கள். ‘பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்’ 2011இல் வந்தது, ‘கிங் ஆஃப் தார்ன்ஸ்’ 2012இல், ‘எம்பரர் ஆஃப் தார்ன்ஸ்’ 2013இல். முதல் புத்தகத்தை இரண்டே ராத்திரியில் முடித்தவர்கள்கூட இரண்டாவதில் எண்பது, நூறு பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். கதை சரியில்லை என்று சொல்வதைவிட, “யார் எங்கே இருக்கிறார்கள் என்றே புரியவில்லை” என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை. அந்தக் குறை நியாயமானது. ஒரே ஆளின் கதையை இந்தப் புத்தகம் மூன்று இழைகளாகப் பிரித்து, நடுநடுவே சில பக்கங்களை ஒளித்து வைத்துக்கொண்டு சொல்கிறது. முதல் புத்தகத்தின் வேகத்தில் இதற்குள் போனால் கால் தடுக்கும்.

கீழே இருப்பவை முதல் புத்தகத்தை முடித்தவர்களுக்கான குறிப்புகள். அதன் முடிவை மறைக்காமல் பேசியிருக்கிறோம். இரண்டாம் புத்தகத்தைப் பொறுத்தவரை பின்னட்டையும் முதல் சில அத்தியாயங்களும் சொல்லும் அளவோடு பெரும்பாலும் நிறுத்தியிருக்கிறோம். செப்புப் பெட்டி பற்றிய பகுதியில் மட்டும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வரும். வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

முதல் புத்தகத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும்

முதல் புத்தகத்தை முழுக்க மறுபடி படிக்க வேண்டியதில்லை. கடைசி நாற்பது, ஐம்பது பக்கங்களைப் படித்தால் போதும். ஆனால் படித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் பின்வருபவை நினைவில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் இரண்டாம் புத்தகத்தில் ஏதோ ஒரு அத்தியாயம் மொட்டையாக நிற்கும்.

கதையைச் சொல்லும் நாயகன், இளவரசன் ஜோர்க் ஆன்க்ரத், ஒன்பது வயதில் முள்புதரில் சிக்கிக் கிடந்தபடியே தன் தாயும் தம்பி வில்லியமும் கொல்லப்படுவதைப் பார்க்கிறான். கொன்றவர்கள் ரெனார் கவுண்டின் ஆட்கள். ரெனார் வேறு யாருமில்லை, அப்பாவின் உடன்பிறந்தவன். அப்பா, அதாவது அரசன் ஓலிடன், போருக்குப் போகவில்லை. பதிலுக்குச் சில சலுகைகளை வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடுகிறான். ஜோர்கின் கோபத்துக்கு இரண்டு முகவரிகள் இருப்பது இதனால்தான். முதல் புத்தகம் ஒரு முகவரியைத்தான் தீர்த்தது. ரெனார் வீழ்ந்து, மலைமேல் இருக்கும் அவனுடைய ‘தி ஹான்ட்’ கோட்டை இப்போது ஜோர்கின் வீடு. அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார். முதல் புத்தகத்தில் மகனின் நெஞ்சில் கத்தி இறக்கிய அதே அப்பா.

சேஜியஸை மறக்கவே கூடாது. ஓலிடனின் அவையில் இருக்கும் கனவு மந்திரவாதி, உடம்பு முழுக்க எழுத்துகளைப் பச்சை குத்தியவன். அவனைப் போல ரெனாருக்குப் பின்னால் நின்றவன் கோரியன். அவன் கதை முதல் புத்தகத்திலேயே முடிந்துவிட்டது. அரசர்கள் சதுரங்கக் காய்கள், ஆட்டத்தை ஆடும் கைகள் வேறு என்ற உண்மை ஜோர்குக்குத் தெரியவந்த இடம் அது. இரண்டாம் புத்தகத்தின் அடித்தளமே அந்தக் கண்டுபிடிப்புதான்.

அடுத்து கெல்லெத். மவுண்ட் ஹோனஸ் மலையின் அடியில் பழங்காலத்தார் விட்டுவைத்த ஆயுதத்தைக் கிளப்பி ஒரு கோட்டையையே, அதிலிருந்த மக்களோடு, ஜோர்க் இல்லாமல் ஆக்கினான். அந்தப் பயணத்தில்தான் செல்லா என்ற பிணமந்திரவாதி வருகிறாள். காக், மகாக் என்ற சிறுவர்களும் வருகிறார்கள், மகாக் பிழைக்கவில்லை. காக் பிழைத்தான். அவனுக்குள் இருக்கும் தீ வளர்ந்துகொண்டே போகிறது என்ற கவலையோடுதான் இரண்டாம் புத்தகத்தின் பழைய இழை, அதாவது நான்கு ஆண்டு முன் நடக்கும் பகுதி, கிளம்புகிறது. ஜோர்கின் கூட்டத்தில் இருந்த நூபனும் இப்போது இல்லை, அவனுடைய கனத்த குறுக்குவில் மட்டும் ஜோர்கிடம் இருக்கிறது.

கேதரின் ஜோர்கின் சிற்றன்னை சரேத்தின் தங்கை. முதல் புத்தகத்தில் சில காட்சிகளே வந்தவள், இதில் தன் நாட்குறிப்பு வழியே தனக்கென ஒரு குரலோடு வருகிறாள்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். காக் சிறுவன், தோலில் சிவப்பும் கறுப்பும் கலந்த வரிகள், கோபம் வந்தால் தீ. கோர்கோத் மலை மாதிரி உருவம், விலா எலும்புகள் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வெளியே நகம்போல வளைந்திருக்கும், பேச்சு குறைவு. மேக்கின் படித்த வீரன், ஜோர்கைத் தேடிக் கூட்டிவர அரண்மனையால் அனுப்பப்பட்டு அவனோடே தங்கிவிட்டவன். ரைக் பெரிய உருவம், எந்நேரமும் கொள்ளை நினைப்பு. சகோதரர்கள் என்று ஜோர்க் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இந்த வழிப்பறிக் கூட்டத்தைத்தான் சொல்கிறான், ரத்த உறவை அல்ல.

மூன்று பத்தித் தாள்

ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். முதல் பத்திக்கு ‘திருமண நாள்’ என்று தலைப்பு வையுங்கள், இரண்டாவதற்கு ‘நான்கு ஆண்டு முன்’, மூன்றாவதற்கு ‘கேதரின்’. புத்தகமே ஒவ்வொரு இழையையும் தலைப்பிட்டுத்தான் சொல்கிறது. அந்தத் தலைப்பைப் பார்க்காமல் நேராக முதல் வாக்கியத்துக்குப் போய்விடுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். ஒலிப்புத்தகமாகக் கேட்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் தலைப்பு சொல்லும் அந்த மூன்று விநாடி காதில் விழாது. பிறகு பதினெட்டு வயது ஜோர்க் எங்கே, பதினாலு பதினைந்து வயது ஜோர்க் எங்கே என்று தெரியாமல் அரை மணி நேரம் போகும்.

அத்தியாயம் முடிந்ததும் அந்தந்தப் பத்தியில் ஒரே ஒரு வரி. கதைச்சுருக்கம் எழுத உட்காராதீர்கள், அது மூன்றாம் நாளே அலுத்துவிடும். எழுத வேண்டியவை மூன்றுதான்: எந்த இடம், யார் கூட இருக்கிறார்கள், புதிதாக எந்தப் பொருள் கைக்கு வந்தது.

பலன் தெரிவது இருபது வரி சேர்ந்த பிறகு. இரண்டாம் பத்தியில் திரும்பத் திரும்ப வரும் ஒருவர் முதல் பத்தியில் ஒருமுறைகூட வரவில்லை என்றால் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள். நான்கு வருடத்துக்கு முன் கூடவே குதிரையில் வந்தவர் இன்றைக்கு ஏன் கோட்டையில் இல்லை? ஆசிரியர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வட்டம் போட்ட பெயர் ஒவ்வொன்றும் பழைய இழையைப் பதற்றத்தோடு படிக்க வைக்கும். தாள் இல்லாமல் படிப்பவர்களுக்கு அதே அத்தியாயங்கள் வெறும் பயணக் கதையாகத் தெரிவதும் இதனால்தான். பொருள்களுக்கும் இதே கணக்கு. திருமண நாளில் ஜோர்க் சட்டென்று கையில் எடுக்கும் ஒன்று, வாசலில் வந்து நிற்கும் ஓர் உதவி, இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை இரண்டாம் பத்தியில்தான் இருக்கும்.

திருமண நாள் என்பது ஒரே நாள். மணப்பெண் மியானாவுக்கு வயது 12. திருமணம் அரசியல் உடன்படிக்கை. அதே காலையில் ஆரோ என்ற நாட்டின் இளவரசனின் பேரில் ஆறு நாட்டுப் படை, இருபதாயிரம் பேர், மலையேறி வருகிறது. மக்கள் அந்த இளவரசனைத்தான் விரும்புகிறார்கள். அவன் பேரரசனானால் நாடு தேறும் என்று குறி சொல்பவர்களும் சொல்கிறார்கள். ஆரோ வீட்டில் ஓரின், ஈகன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். ‘இளவரசன்’ என்று மட்டும் வரும் இடத்தில் யாரைச் சொல்கிறது என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

சிலர் திருமண நாள் அத்தியாயங்களை மட்டும் முதலில் தொடர்ச்சியாகப் படித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் நல்ல சூட்டில் நிற்பதால் அந்த ஆசை வருவது இயல்பு. செய்யாதீர்கள். ஒரு முற்றுகையை முடித்த திருப்தி கிடைக்கும். ஆனால் அந்த முற்றுகை ஜோர்குக்கு எதை விலையாகக் கேட்கிறது என்பது புரியாது. பழைய இழைக்குத் திரும்பும்போது முடிவு தெரிந்த புதிருக்கு வழி தேடுவதுபோல் ஆகிவிடும்.

செப்புப் பெட்டி

(கூடுதலாக ஒரு விவரம் இங்கே வருகிறது.)

முதல் அத்தியாயமே ஜோர்க் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் தொடங்குகிறது. செப்பாலான சின்னப் பெட்டி, மேலே முள் வேலைப்பாடு, பூட்டும் இல்லை கொக்கியும் இல்லை. திறந்துவிடலாம், ஆனால் திறக்கக் கூடாது. அவனுடைய நினைவில் ஒரு பகுதி வெட்டியெடுக்கப்பட்டு அதற்குள் இருக்கிறது. கூடவே ஒரு குழந்தையின் ஆவி அவன் கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டிருக்கிறது. அது யார் என்று அவனுக்கே தெரியாது.

இந்தப் புத்தகத்தின் மேல் வாசகர்கள் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. போரின் நெருக்கடியான கட்டங்களில் ஜோர்க் யாருமே எதிர்பாராத ஒரு திட்டத்தை எடுத்து விடுகிறான். கதை சொல்வதே அவன்தான், அப்படியிருக்க நம்மிடம் ஏன் முன்பே சொல்லவில்லை, இது வாசகனை ஏமாற்றுவது இல்லையா என்கிறார்கள். பெட்டியை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கேள்வியின் முனை மழுங்கிவிடும். எதிரி பக்கத்தில் கனவுக்குள் புகுந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தலைக்குள் இருக்கும் திட்டம் அவர்களுக்குத் திறந்த ஓலை. ஆகவே திட்டமே தலைக்குள் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கதை சொல்லிக்குத் தெரியாததை அவன் நமக்கு எப்படிச் சொல்வான்?

இது எல்லா இடத்திலும் ஓட்டை இல்லாமல் அமைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓரிரு திருப்பங்கள் வசதிக்காக வந்தவை மாதிரிதான் இருக்கின்றன. ஆனாலும் பெட்டி திறக்கும் இடங்களை, கொஞ்சமாகத் திறந்தாலும்கூட, தாளில் ‘பெ’ என்று குறித்து வையுங்கள். முடித்த பிறகு அந்தக் குறிகளை மட்டும் திருப்பிப் பார்த்தால் எந்த நினைவு எந்த வரிசையில் திரும்பி வந்தது என்பது தெரியும். அந்த வரிசைதான் இந்த நாவலின் உண்மையான கதை.

பழியை எப்படிப் படிப்பது

கூந்தலை முடியாமல் காத்திருந்த பாஞ்சாலியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குச் சபதம் என்றால் ஒருநாள் நிறைவேறியாக வேண்டும். தாமதமாகலாம், நிறைவேறாமல் போகக் கூடாது. அந்த எதிர்பார்ப்போடு இதைத் திறப்பவர்கள், ஜோர்க் அப்பாவைத் தேடிப் போகாமல் ஏன் வடக்கே ஒரு எரிமலையை நோக்கிக் குதிரை ஓட்டுகிறான் என்று எரிச்சல்படுவார்கள். நியாயமான எரிச்சல்தான். ஆனால் இந்தப் புத்தகம் கேட்கும் கேள்வி வேறு: இந்தப் பழி வெறியில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு எனக்குள் வேறொருவர் ஊட்டியது?

இதைப் பிடிக்க ஒரு எளிய பழக்கம் உதவும். யாராவது கனவிலிருந்து விழிக்கும் இடம் வந்தால் ஓரத்தில் ‘க’ போடுங்கள். அடுத்த இரண்டு மூன்று பக்கத்துக்குள் அவர் ஏதாவது முடிவு எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் அந்த முடிவின் மேல் ஒரு கேள்விக்குறி. சேஜியஸ் காட்சியில் இல்லாதபோதும் அவன் வேலை நடக்கிறது என்பது மெதுவாக உறைக்கும். எப்போதாவது ஜோர்க் வெறுமனே வயிற்றெரிச்சலில் செய்த கொடுமைக்கும் கேள்விக்குறி போட்டுவிடுவீர்கள். பரவாயில்லை. எல்லாப் பழியையும் மந்திரவாதி தலையில் கட்டிவிட ஜோர்கே விரும்புவான். ஆசிரியர் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஜோர்கை விரும்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆன்டனி பர்ஜஸ் 1962இல் எழுதிய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலின் அலெக்ஸே இவனுக்கு மூலம் என்று லாரன்ஸ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் வாய்ச் சாமர்த்தியக்காரர்கள், புத்திசாலிகள், கொடூரத்தைச் சிரித்துக்கொண்டே விவரிப்பவர்கள். அந்தப் பேச்சு நம்மைக் கூட்டாளியாக்கப் பார்க்கும். ஒரு நகைச்சுவை வரி வந்து நீங்களும் சிரித்துவிட்டால், உடனே முந்தைய பத்தியை மறுபடி பாருங்கள். அங்கே பெரும்பாலும் அவன் வேகமாகத் தாண்டிப் போன ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு பிணம், ஒரு பெயர், ஒரு கேள்விக்குச் சொல்லாத பதில்.

ஓரினை ஜோர்க் முதலில் சந்திக்கும் அத்தியாயத்தை ஒரே மூச்சில், இடையில் எழுந்திருக்காமல் படியுங்கள். வல்லவன், நல்லவன், எதிரியிடமும் பெருந்தன்மை காட்டுபவன் ஒருவனை எதிரில் நிறுத்தி, இப்படிப்பட்டவன் இருக்கும்போது நீ எதற்கு என்று புத்தகம் ஜோர்கைக் கேட்கிறது. மூன்று புத்தகத்திலும் இதைவிடக் கூர்மையான கேள்வி அவனை நோக்கி வீசப்படவில்லை. அதற்கு ஜோர்கிடம் அன்றைக்கு நல்ல பதில் ஒன்றும் இல்லை.

கேதரின் நாட்குறிப்பு

முன்னுரைப் பகுதியை அவசரத்தில் தாண்டாதீர்கள். காற்றில் பாறைகளின்மேல் சிதறிக் கிடக்கும் கருகிய தாள்களை ஜோர்க் ஓடி ஓடிப் பொறுக்குகிறான். நாம் பின்னால் படிக்கும் நாட்குறிப்பு அப்படிப் பொறுக்கியதில் மிஞ்சியது. ஆகவே அது முழுமையானது இல்லை. தாள்கள் ஏன் கருகின என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் நாளும் இடமும் இருக்கும். ‘இன்டர்ரெக்னம்’ என்று வரும் ஆண்டுக் கணக்கு, பேரரசன் இல்லாமல் போன காலத்திலிருந்து எண்ணுவது. அந்த நாளை உங்கள் மூன்றாம் பத்தியில் அப்படியே எழுதுங்கள். நாட்குறிப்புப் பகுதிகள் குட்டியானவை என்பதால் இளைப்பாறும் இடமாக நினைத்து மேலோட்டமாகப் பார்க்கத் தோன்றும். உண்மையில் இங்கேதான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். கேதரின் பொய் சொல்லவில்லை, தான் அறிந்ததை எழுதுகிறாள். ஆனால் அவள் அறிந்ததெல்லாம் நடந்ததுதானா என்பது வேறு கதை. மேலே சொன்ன ‘க’ குறி அவளுக்கும் பொருந்தும்.

வரைபடம்

இந்த உலகம் கற்பனை உலகம் இல்லை, நம் உலகத்தின் எதிர்காலம். ‘ஆயிரம் சூரியன்களின் நாள்’ என்று அவர்கள் சொல்வது நம் காலத்தை முடித்து வைத்த அழிவு. ‘பில்டர்கள்’ என்பது நாம்தான். கடல் மட்டம் ஏறிய ஐரோப்பாதான் அந்த வரைபடம். ரோமா, வியென் என்ற பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்த்தால் பழைய நகரங்கள் தெரியும். ஜோர்கின் தாய்வீடான குதிரைக் கடற்கரை தெற்கே ஸ்பெயின் பக்கம், எரிமலைகள் வடக்கே டேன்களின் நாட்டில். போனில் ஐரோப்பா வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். பழைய இழையின் பயணம் முதலில் வடக்கே, பிறகு தெற்கே என்று நினைவில் இருந்தால் வழி தவறாது.

பில்டர்களின் பொருள் எதையாவது ஜோர்க் விவரிக்கும்போது அது நம் வீட்டில், அலுவலகத்தில், வானத்தில் சுற்றும் எது என்று ஊகித்துப் பாருங்கள். அவனுக்கு அது ஆவி, மந்திரம். நமக்கு மின்சாரம், திரை, குரல். இந்த விளையாட்டுதான் இருட்டான கதைக்குள் கிடைக்கும் ஒரே லேசான சுகம்.

எவ்வளவு, எப்போது

முதல் புத்தகத்தைவிட இது நூறு பக்கத்துக்கு மேல் பெரியது. பதிப்பைப் பொறுத்து மாறும். 450 பக்கம் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 40 பக்கம், பன்னிரண்டு நாளில் முடியும். அத்தியாயங்கள் குட்டி என்பதால் பஸ்ஸிலும் படிக்கலாம். ஆனால் நாளொன்றுக்கு ஒரே அத்தியாயம் என்று போனால் மூன்று இழையும் அறுந்துவிடும். குறைந்தது ஒரு திருமண நாள் அத்தியாயமும் ஒரு பழைய அத்தியாயமும் ஒரே அமர்வில் வரட்டும். நிறுத்துவதானால் பழைய இழையின் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்துங்கள். மறுநாள் திறக்கும்போது முற்றுகையின் நடுவில் நேராக இறங்கிவிடலாம்.

தொய்வு விழுவது நடுப்பகுதியில், வடக்கிலிருந்து தெற்கே வரும் வழியில். புதுப் புது ஊர், புதுப் பிரபு, புது விருந்து. சதுப்பு நில அத்தியாயங்களில் செத்தவர்கள் எழுந்து வரத் தொடங்கியதும் கதை மறுபடி சூடு பிடிக்கும். அதுவரை வேகமாகப் படித்தால் பெரிய நட்டமில்லை, பெயர்களை மட்டும் தாளில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் கடைசி மூன்று அத்தியாயத்தைத் திருப்பிப் படித்துவிட்டுத் தொடர்வதுதான் மலிவான வழி.

கொடூரம்

முதல் புத்தகத்தின் தொடக்கத்தைத் தாங்கியவர்கள் இதில் ரத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இதில் வலிப்பது வேறு வகை. குழந்தைகளின் சாவு உண்டு. ஜோர்கின் சிறுவயது நினைவாக ஒரு நாய்க்கு நேரும் சித்திரவதை உண்டு. மனிதர்கள் சாவதைக் கண் கொட்டாமல் படித்தவர்களையும் அது நிறுத்திவிடும். நாட்குறிப்பில் பாலியல் வன்முறை, கருக்கலைப்பு பற்றிய பகுதிகள் இருக்கின்றன. 12 வயதுப் பெண்ணின் திருமணம் இந்தப் புத்தகத்தில் உடன்படிக்கையாகவே நிற்கிறது, என்றாலும் நெருடும்.

நாய் வரும் பகுதியைத் தாண்ட வேண்டும் என்றால் தாண்டிவிடலாம். அப்பா மகனுக்குப் ‘பாடம்’ புகட்ட அவன் நேசித்த ஒன்றை அவன் கையாலேயே விலை பேச வைக்கிறார் என்று தெரிந்தால் பின்னால் எதுவும் புரியாமல் போகாது. நாட்குறிப்பைத் தாண்டுவது அப்படி முடியாது, கதையின் முடிச்சே அதில் இருக்கிறது. அதைப் பகலில், அவகாசம் இருக்கும்போது படியுங்கள்.

போனைத் தள்ளி வையுங்கள்

பாத்திரத்தின் பெயரைத் தேடு பெட்டியில் தட்டினாலே போதும், கீழே இறங்கும் பரிந்துரைகளில் ‘சாவு’ என்ற சொல் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்துவிடும். ரசிகர்கள் நடத்தும் விக்கிப் பக்கங்கள் மூன்று புத்தகத்தையும் கலந்து எழுதியவை. முதல் பத்தியிலேயே முடிவு இருக்கும். கிண்டிலில் படிப்பவர்கள் புத்தகத்துக்குள்ளேயே பெயரைத் தேடலாம், ஆனால் நீங்கள் இன்னும் படிக்காத பக்கங்களின் வரிகளும் பட்டியலில் வரும். முதல் இரண்டு மூன்று வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். உங்கள் தாளே போதுமான அகராதி.

முடித்த பிறகு

கடைசிப் பக்கம் முடிந்ததும் உடனே முன்னுரையையும் முதல் திருமண நாள் அத்தியாயத்தையும் மறுபடி படியுங்கள். பத்து நிமிட வேலை. முதல் முறை பீடிகையாகத் தெரிந்த பல வரிகள் இப்போது நேரடியான வாக்குமூலமாகத் தெரியும். பிறகு வட்டம் போட்ட பெயர்களைப் பாருங்கள். விடை கிடைக்காமல் ஏதாவது நின்றால் அந்த அத்தியாயத்தை மட்டும் திருப்பலாம்.

மூன்றாம் புத்தகத்துக்குப் போக நீண்ட இடைவெளி வேண்டாம். அதிலும் இரண்டு காலங்கள் உண்டு, ‘ஐந்து ஆண்டு முன்’ என்று ஓர் இழை. கேதரினின் நாட்குறிப்பு இருந்த இடத்தில் செல்லாவின் கதை வருகிறது. பழைய தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ‘ரோட் பிரதர்ஸ்’ சிறுகதைத் தொகுப்பை மூன்றும் முடிந்த பிறகு எடுங்கள். கூட்டத்து ஆட்களின் முன்கதைகள் அதில் இருக்கின்றன, யார் கடைசிவரை நின்றார்கள் என்று தெரிந்து படித்தால்தான் சுவை. அதே உலகத்தில், ஏறக்குறைய அதே காலத்தில் நடக்கும் இன்னொரு மூன்று புத்தக வரிசை 2014இல் ‘பிரின்ஸ் ஆஃப் ஃபூல்ஸ்’ நாவலோடு தொடங்குகிறது. அதன் நாயகன் பழிவாங்கும் ஆளே இல்லை, ஆபத்து என்றால் முதலில் ஓடுகிறவன். ஜோர்கோடு மூன்று புத்தகம் இருந்தவர்களுக்கு அது நல்ல மாற்று.